முட்டை விலை மாறினா யாருக்கெல்லாம் சொல்லணும்?

நாமக்கல் மண்டலத்துக்கான முட்டைக் கொள்முதல் விலையை, 1982-ல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, அதாவது நம்ம என்இசிசி, அறிவிக்குது. "5 காசு உயர்வு"ன்னு செய்தி பார்த்திருப்பீங்க. அஞ்சு காசுதானேன்னு நினைக்காதீங்க. லட்சம் முட்டை ஏத்துற பண்ணைக்கு அது 5,000 ரூபாய்.

இந்த விலையை ஒரு ஆப்ஜெக்டோட ப்ராப்பர்ட்டியா வச்சுக்குங்க. ஒவ்வொரு கடைக்காரரும் நிமிஷத்துக்கு ஒருதரம் போன் போட்டு "அண்ணே, ரேட்டு என்ன?"ன்னு கேட்டா அது போலிங். வேணுங்கறவங்க லிஸ்ட்ல பேர் கொடுத்துட்டு, விலை மாறும்போது தகவல் வாங்கிக்கிட்டா அதுதான் ப்ராப்பர்ட்டி சேஞ்ச் நோட்டிஃபிகேஷன். அப்சர்வர் பேட்டர்னோட ஒரு வடிவம்.

செட்டருக்குள்ள வரிசை ரொம்ப முக்கியம். முதல்ல பழைய விலையையும் புது விலையையும் ஒப்பிடணும். ரெண்டும் ஒண்ணுன்னா அங்கேயே திரும்பிடணும். இல்லன்னா, தகவல் வாங்கின லிஸனர் அதே விலையைத் திரும்ப செட் பண்ணினா போதும், முடிவில்லாத லூப்தான். விலையை ரூபாயில ஃப்ளோட்டா வைக்காம காசுல முழு எண்ணா வைங்க, ஒப்பீடு ஏமாத்தாது. அடுத்து மதிப்பை மாத்தணும். அதுக்கப்புறம்தான் சொல்லணும். முன்னாடியே சொல்லிட்டா, கெட்டரைக் கூப்பிடற கடைக்குப் பழைய விலைதான் கிடைக்கும்.

என்ன சொல்லணும்? டாட்நெட்ல ஐநோட்டிஃபைப்ராப்பர்ட்டிசேஞ்ச்டு ப்ராப்பர்ட்டியோட பேரை மட்டும் சொல்லும். ஜாவாவோட ப்ராப்பர்ட்டிசேஞ்ச்ஈவென்ட் பழைய மதிப்பு, புது மதிப்பு ரெண்டையும் தரும். "5 காசு உயர்வு"ன்னு போட ரெண்டும் வேணுமே. எனக்கு ஜாவா வழிதான் பிடிச்சிருக்கு.

நிறைய ப்ராஜெக்ட் சறுக்குற இடம் வேற. அட்டை விலைன்னு இன்னொரு ப்ராப்பர்ட்டி இருக்கு, முட்டை விலை பெருக்கல் 30. அதுக்குத் தனியா செட்டர் கிடையாது. முட்டை விலை 5 காசு ஏறினா அட்டைக்கு ஒண்ணரை ரூபாய் ஏறியிருக்கும், ஆனா ஸ்க்ரீன்ல பழைய விலையே நிக்கும். எர்ரரும் வராது. பில் மட்டும் தப்பா போகும். அதனால முட்டை விலையோட செட்டரே அட்டை விலைக்கும் சேர்த்து நோட்டிஃபை பண்ணணும், அதுவும் ரெண்டு மதிப்பும் சரியான பிறகு.

கடையை மூடினவர் பேரை லிஸ்ட்லருந்து எடுக்கவும் வழி வைங்க. லிஸ்ட்ல ரெஃபரன்ஸ் இருக்கற வரைக்கும் கார்பேஜ் கலெக்டர் அந்த ஆப்ஜெக்டைத் தொடாது. இல்லாத கடைக்கு தினமும் விலை போய்க்கிட்டே இருக்கும், மெமரியும் ஏறிக்கிட்டே இருக்கும்.