திருத்தினவர் யார், திருத்துவித்தவர் யார்?

நெல்லியடி

அன்புள்ள பெறாமகளுக்கு,

உன் ஆங்கிலக் கட்டுரையில் ரீச்சர் சிவப்பு மையால் வட்டமிட்ட வரியைப் பார்த்தேன். சந்திக் கடையில் சைக்கிள் திருத்துவித்த கதையை எழுதப்போய், "ஐ ஹாட் றிப்பெயர்ட் மை பைசிக்கிள்" என்று எழுதியிருக்கிறாய். இலக்கணத்தில் பிழை சொல்ல ஏலாத வசனம்தான், ஆனால் நீ சொல்ல வந்த கதை அதில் இல்லை. அதன்படி பார்த்தால், வேறு ஏதோ நடக்கும் முன்னரே நீயே சாவியெடுத்துச் சைக்கிளைத் திருத்தி முடித்துவிட்டாய். கடைக்காரர் திருத்தியிருந்தால் "ஐ ஹாட் மை பைசிக்கிள் றிப்பெயர்ட்" என்று வரவேண்டும். ஒரு சொல்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. "மை பைசிக்கிள்" என்ற பெயர்த்தொடர் ஓரிடம் முன்னே வந்ததும் வேலை செய்த ஆள் மாறிவிட்டார்.

உனக்கு இது புதிதல்ல. திருந்து, திருத்து, திருத்துவி என்ற மூன்றும் உன் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. "சட்டை தைப்பிச்சனான்", "காப்புச் செய்விச்சவை" என்று வடமராட்சியில் பேசாத வீடு உண்டா? பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூல் இதற்கு விதியே வைத்திருக்கிறது. வி, பி என்ற விகுதிகளில் ஒன்று தனித்து வந்தால் ஓர் ஏவல்: செய்வி. இரண்டும் சேர்ந்து வந்தால் ஏவலுக்கு மேல் ஏவல்: செய்விப்பி. அந்த நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதிய ஆறுமுக நாவலர், யாழ்ப்பாணத்து மெதடிஸ்த பள்ளியில் ஆங்கிலம் படித்து, பேர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பிலும் உழைத்தவர். பருத்தித்துறையில் 1838இல் தொடங்கி இன்று ஹாட்லிக் கல்லூரியாக நிற்கும் பள்ளியும் அதே பேர்சிவல் தொடக்கியதுதான். இரண்டு மொழியின் இலக்கணமும் ஒரே தலைக்குள் இருந்த ஆட்கள் எங்கள் பக்கத்துக்குப் புதியவர்களல்லர் என்பதற்காகச் சொன்னேன்.

தமிழில் விகுதி பாரத்தைச் சுமக்கிறது. செய்தவரைச் சொல்லவேண்டுமென்றால் "மெக்கானிக்கைக் கொண்டு" என்று ஒரு "கொண்டு" போட்டுவிடுவோம்; வசனத்தில் அதை எங்கே வைத்தாலும் பொருள் கெடாது. ஆங்கிலத்தில் அப்படி விகுதி இல்லை. சிற், செற் போன்ற பழைய சோடிகள் சில எஞ்சியிருக்கின்றன, அவ்வளவுதான். அதனால் பெயர்த்தொடர் நிற்கும் இடமும், அதற்குப் பின்னால் வரும் வினையின் வடிவமும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. நடுவில் நிற்பது வேலைக்கு உள்ளான பொருள் என்றால் "றிப்பெயர்ட்" என்ற முற்றுப்பெற்ற வடிவம். நடுவில் நிற்பது வேலை செய்யும் ஆள் என்றால் வெறும் வினை: "ஐ ஹாட் த மெக்கானிக் றிப்பெயர் இற்". இந்த இரண்டாவது வடிவம் அமெரிக்கர் வாயில்தான் அதிகம். பிரித்தானியர் பெரும்பாலும் "ஐ கொற் த மெக்கானிக் ரு றிப்பெயர் இற்" என்பார்கள். கெற் வந்தால் ஆளுக்குப் பின்னால் "ரு" தேவை என்பதை மறந்துவிடாதே.

அப்படியானால் "ஷீ ஹாட் ஹேர் பைசிக்கிள் ஸ்ரோலன்" என்றால் என்ன? அவளே கள்ளனுக்குச் சொல்லிச் சைக்கிளைத் தூக்குவித்தாளா? அச்சு அசல் அதே வடிவம்தான். ஆனாலும் எந்த ஆங்கிலேயனும் அப்படி விளங்கிக்கொள்ள மாட்டான். திருத்துவது நாமே கேட்டுச் செய்விக்கிற வேலை, களவு அப்படியல்ல என்ற உலக அறிவு அங்கே இலக்கணத்துக்குக் கைகொடுக்கிறது. நாங்களும் "சைக்கிளைக் களவு குடுத்திட்டாள்" என்கிறோம். குடுத்தவள் அவள்தான், விரும்பிக் குடுக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இனி, எந்தப் பெயர் எந்த வினையோடு சேரும் என்பதைப் பார். "த றெயின் மேட் அஸ் வெயிற்" சரி. மழைக்கு மனம் வேண்டியதில்லை, எங்களை மறித்து வைத்தாலே போதும். "த றெயின் ஹாட் அஸ் வெயிற்" என்றால் காதில் உறுத்தும். ஹாவ் என்பது சொல்பவரும் சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் செய்பவருமாக இரண்டு மனிதரைக் கேட்கிறது. கெற் அப்படியல்ல. தோட்டத்தில் இறைக்கிற மெசின் காலையில் அடம்பிடிக்கிறதே, கயிற்றை இழுத்து இழுத்து அதைக் கிளப்பிய பிறகு "ஐ கொற் த மெசின் ரு ஸ்ராட்" என்று தாராளமாகச் சொல்லலாம். கெற் என்பதற்குள் ஒரு பிரயாசை இருக்கிறது. ஆளென்றால் கெஞ்சல், மெசினென்றால் மல்லுக்கட்டல்.

மேக்குக்கு ஒரு குணக்கேடு உண்டு. "தே மேட் ஹிம் வெயிற்" என்பதில் இல்லாத "ரு", அவனை முன்னுக்குக் கொண்டுவந்ததும் முளைத்துவிடும்: "ஹீ வோஸ் மேட் ரு வெயிற்". காரணம் தேடி நேரத்தைச் செலவழிக்காமல் மனனம் செய்துவிடு.

காரணப்படுத்துவது என்றதும் அகராதி முதலில் நீட்டுவது "கோஸ்" என்ற வினையை. அதில் கவனம். பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோன் சின்கிளயர் குழுவினர் கோடிக்கணக்கான சொற்களைக் கணினியில் சேர்த்து, 1987இல் கோபில்ட் அகராதியை வெளியிட்டார்கள். அந்த வகைத் தரவை வைத்து மைக்கேல் ஸ்ரப்ஸ் 1995இல் எழுதிய கட்டுரையில், இந்த வினைக்குப் பின்னால் வரும் பெயர்கள் பெரும்பாலும் கெட்டவையே என்று காட்டினார்: பிரச்சினை, சேதம், நோய், சாவு. "கோஸ்ட் டமேஜ்" இயல்பாக வருகிறது. உன் கட்டுரையில் உள்ள "கோஸ்ட் ஹப்பினஸ்" விதிப்படி பிழையில்லை, ஆனால் எழுதியவர் வெளியாள் என்பது உடனே தெரிந்துவிடும். மகிழ்ச்சிக்கு "ப்றோற்" போதும்.

இவ்வளவும் தெரிந்தபின் எல்லா இடத்திலும் இந்த வடிவங்களைத் திணிக்காதே. "பெரியப்பா வீடு கட்டினவர்" என்றால் நான் கல் சுமந்தேன் என்று யாரும் நினைப்பதில்லை. ஆங்கிலத்திலும் "ஹீ பில்ற் எ ஹவுஸ்" என்றே சாதாரணமாகச் சொல்வார்கள். செய்தவர் வேறு என்பது கதைக்கு முக்கியமானால் மட்டும் ஹாடையோ கொற்றையோ எடு. ஞாயிறு ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு பக்கத்தை எடுத்து, அவை வரும் இடமெல்லாம் நடுவில் நிற்கும் பெயர் ஆளா பொருளா என்று பென்சிலால் குறித்து அனுப்பு. சோதனைக்கு முன் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா