டான்யூப் ஆற்றங்கரையில் மிதிவண்டிப் பயணம்



ஆறுகளைப் பற்றிய பாடத்தை வகுப்பறையில் தேசப்படத்தைக் கொண்டே கற்பிக்கின்றோம். தேசப்படத்தில் ஆறு ஒரு நீலக் கோடு, அவ்வளவுதான். அக்கோட்டின் இருமருங்கிலும் நிலம் ஏன் சமதளமாகக் கிடக்கின்றது, அச்சமதளத்தில் வாழ்வோர் அதற்கு என்ன விலை கொடுக்கின்றனர் என்பவற்றைத் தேசப்படம் சொல்லாது. நெடுஞ்சாலையில் காரில் விரைவோருக்கும் அது புலப்படாது. நடந்து சென்றால் புலப்படும்; ஆனால் கோடை விடுமுறை முழுவதும் நடையிலேயே கழிந்துவிடும். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் உருளும் மிதிவண்டியே இப்பாடத்துக்கு ஏற்ற வாகனம். எனவே ஜேர்மனியின் பாசாவ் நகரிலிருந்து ஒஸ்திரியாவின் தலைநகரான வியன்னா வரை டான்யூப் ஆற்றோடு செல்லும் மிதிவண்டிப் பாதையை இங்கே எடுத்துக்கொள்வோம்.

ஐரோப்பாவில் வொல்காவுக்கு அடுத்த நீளமான ஆறு டான்யூப். ஜேர்மன் மொழியில் அதனை டோனவ் என்பர். சுமார் 2,850 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாறு 10 நாடுகளைத் தொட்டுக் கருங்கடலில் கலக்கின்றது. பெரும்பாலான ஆறுகளின் தூரத்தை ஊற்றிலிருந்து எண்ணுவார்கள் என்று நாம் நினைப்போம். டான்யூபின் தூரம் கடலிலிருந்து எண்ணப்படுகின்றது. ருமேனியாவின் சுலினாத் துறைமுகத்தில் சுழியம். பாசாவ் அருகே ஏறத்தாழ 2,225. வியன்னாவில் ஏறத்தாழ 1,929. கரையில் நடப்பட்டுள்ள எண்பலகைகளைப் பார்த்துக்கொண்டே செல்லும் பிள்ளைகளுக்கு எண்கள் குறைந்துகொண்டே வருவது ஒரு விளையாட்டு. பிரான்சின் அத்திலாந்திக் கரையிலிருந்து கருங்கடல் வரை செல்லும் நெடும் மிதிவண்டி வழியின் ஒரு துண்டுதான் இது.

இப்போது ஒரு சிறு கணக்கு. பாசாவுக்கும் வியன்னாவுக்கும் இடையில் ஆற்றின் நீர்மட்டம் ஏறக்குறைய 130 மீற்றர் தாழ்கின்றது. மேலே தந்த இரு எண்களையும் கழித்து, அத்தூரத்தால் 130ஐ வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோமீற்றருக்கு அரை மீற்றர்கூட வராது. மேசையின் மேல் வைத்த பந்துகூட உருண்டோடாத சரிவு இது. ஆயினும் ஆற்றுக்கு அது போதும். மிதிவண்டியில் செல்வோருக்கும் போதும். அதிலும் இப்பள்ளத்தாக்கில் மேற்குக் காற்றே மிகுதியாதலால், கிழக்கு நோக்கிச் செல்வோரின் முதுகை அது தள்ளிக்கொடுக்கும். நாளொன்றுக்கு 45 கிலோமீற்றர் என வகுத்துக்கொண்டால் ஏழு நாட்களில் வியன்னாவை அடையலாம். பத்து வயதுப் பிள்ளைக்கும் இது இயலும்.

ஆறு நினைத்தபோதெல்லாம் கரைமீறிப் பரவியது. பரவிய நீர் வேகம் குறைந்தது. வேகம் குறைந்ததும் சுமந்து வந்த சேற்றையும் மணலையும் கீழே விட்டது. இவ்வாறு படிந்த மண்ணையே வண்டல் என்கின்றோம். ஆயிரமாயிரம் ஆண்டுகள் இது நடந்த இடத்தில் நிலம் மட்டமாயிற்று. எல்லா இடமும் அப்படியன்று. பாசாவுக்குக் கீழே ஷ்லோகன் என்னுமிடத்தில் ஆறு கருங்கற்பாறையில் முட்டி, ஏறக்குறைய வந்த திசைக்கே திரும்பி வளைகின்றது. அங்கே பள்ளத்தாக்கு ஒடுங்கியது. இருபுறமும் காட்டு மலைகள். அவ்விடத்திலும் நமது பாதை மட்டமாகவே நீரோரமாய்ச் செல்கின்றது. எப்படி?

அப்பாதையை வெட்டியவர்கள் மிதிவண்டிக்காரர்கள் அல்லர். நீராவிக் கப்பல்கள் வருவதற்கு முன்னர், ஆற்றோடு கீழே செல்லும் படகுகளை நீரோட்டமே கொண்டு சென்றது. மேலே வரவேண்டிய படகுகளைக் கரையில் நடந்த குதிரைகள் தடித்த கயிறு கட்டி இழுத்தன. குதிரைக்கு ஏற்றமும் இறக்கமும் ஆகா. கயிறு மரத்தில் சிக்கவும் கூடாது. ஆகவே நீரோரமாக, மட்டமாக, மரமில்லாத ஓர் இழுபாதை வேண்டியிருந்தது. 1830ஆம் ஆண்டில் வியன்னாவிலிருந்து நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிய பின் குதிரைகளின் தேவை படிப்படியாக அற்றுப்போயிற்று. பாதை எஞ்சியது. குதிரைகள் மூச்சு வாங்க நடந்த வழியில்தான் இன்று நாம் பாட்டுப் பாடிக்கொண்டு போகின்றோம்.

ஷ்லோகன் வளைவுக்கு அருகில் வடகரையில் பாதை இல்லாத ஒரு பகுதி உண்டு. அங்கே மிதிவண்டிகளையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் சிறு படகுகள் உள்ளன. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஓடிய மிதவையை எம்மவர் 'பாதை' என்றே அழைத்தனர். நீரின்மேல் ஓடுவதற்குப் பாதை என்று பெயரா எனப் பிள்ளைகள் கேட்பார்கள். பெற்றோரே பதில் சொல்லட்டும்!

பெற்றோரிடம் இன்னொன்றையும் சொல்லவேண்டும். "சைக்கிளில் போவதற்கு விடுமுறை எதற்கு?" என்று கேட்பவர்கள் எம்மிடையே உண்டு. அக்கேள்வியில் நியாயம் இருக்கின்றது. 1990களில் எரிபொருள் தடைப்பட்ட யாழ்ப்பாணக் குடாநாட்டில் விறகும் நெல்லும் நோயாளரும் சைக்கிளிலேயே ஏறினர். சக்கரத்தைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். அந்நாட்களைக் கண்டவருக்கு மிதிவண்டி உழைப்பின் சின்னம். பிள்ளைகளுக்கோ அது வேறொன்று. இரண்டும் ஒரே பயணத்தில் சேர்ந்து செல்வதில் குறையொன்றும் இல்லை. பழைய கதைகளைச் சொல்ல ஏழு நாட்கள் கிடைக்கின்றன.

சமதளத்தின் விலையைப் பற்றிக் கூறினோம். பாசாவில் டான்யூபுடன் இன், இல்ஸ் ஆகிய ஆறுகள் கலக்கின்றன. அந்நகர மன்றக் கோபுரத்தின் சுவரில் வெள்ளம் எட்டிய உயரங்கள் ஆண்டுகளோடு குறிக்கப்பட்டுள்ளன. 2013ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நீர்மட்டம் 12.89 மீற்றராக உயர்ந்தது. ஐந்நூறு ஆண்டுகளில் அவ்வளவு உயரம் கண்டதில்லை. மிதிவண்டியை நிறுத்தி, அக்குறியின் கீழ் நின்று அண்ணாந்து பாருங்கள்.

அதே வெள்ளம் கீழே எஃபர்டிங் சமவெளியையும் மூடியது. காய்கறி விளையும் அருமையான மண் அது. வெள்ளம் கொண்டுவந்து கொடுத்த மண். வெள்ளத்தின் பின் அரசு அங்குள்ள குடும்பங்களுக்கு, உதவித்தொகை பெற்றுக்கொண்டு வீட்டைவிட்டு வேறிடம் செல்ல வாய்ப்பளித்தது. சிலர் சென்றனர், சிலர் மறுத்தனர். ஊரைவிட்டுப் போவதென்றால் என்னவென்று எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இன்னும் கீழே மாக்லாண்ட் சமவெளியில் வேறு வழி கண்டனர். சுமார் 36 கிலோமீற்றர் நீளமான வெள்ளத்தடுப்பு அணை 2012இல் நிறைவேறியது. மறு ஆண்டே வந்த பெருவெள்ளத்தை அது தாங்கிற்று.

லின்ஸ் நகரைக் கடந்து சில மணி நேரத்தில் மவுத்ஹவுசன் என்னும் ஊர் வரும். ஆற்றங்கரையில் அழகிய வீடுகள். மேலே குன்றில், 1938இல் நாசிகள் அமைத்த வதைமுகாம். ஏறத்தாழ 190,000 பேர் அங்கும் அதன் கிளை முகாம்களிலும் அடைக்கப்பட்டனர். குறைந்தது 90,000 பேர் மாண்டனர். கருங்கல் அகழியில் உடைத்த பாறைகளைக் கைதிகள் முதுகில் சுமந்து 186 படிகள் ஏறினர். 1945 மே 5ஆம் நாள் அமெரிக்கப் படையினர் வந்தபோதே விடுதலை. இன்று அது நினைவிடம். சமதளப் பாதையைவிட்டுக் குன்றேற வேண்டுமாதலால் பலர் கடந்து போய்விடுகின்றனர். போகக்கூடாது என்பது எமது எண்ணம். சிறு பிள்ளைகளைக் கீழே ஒருவரோடு விட்டு, பதினான்கு வயதை எட்டியோரை அழைத்துச் செல்லலாம். அன்று மாலை அதிக தூரம் ஓட்டத் திட்டமிட வேண்டாம்.

மெல்க் நகரில் பெருமடாலயம் ஒன்று பாறைமேல் நிற்கின்றது. அங்கிருந்து கிறெம்ஸ் வரையுள்ள பகுதிக்கு வாகவ் என்று பெயர். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மலைச்சரிவில் சாந்து பூசாத கல்வரிசைகள். அவற்றின்மேல் திராட்சைக் கொடிகள். கீழே அப்பிரிக்கொட் தோட்டங்கள். மேலே பல இடங்களில் மின் அணைகள் ஆற்றைக் குளமாக்கியுள்ளன. வாகவில் அது தடையின்றி ஓடுகின்றது. இலையொன்றை நீரில் இட்டு, அதனோடு வண்டியை ஓட்டிப் பாருங்கள், வேறுபாடு விளங்கும். வழியில் வில்லன்டோர்வ் சிற்றூர். 1908இல் இங்கே சுமார் 11 சதமமீற்றர் உயரமான கற்பெண்ணுருவம் கிடைத்தது. செய்து ஏறத்தாழ 30,000 ஆண்டுகள் ஆகின்றன. மூலச்சிலை வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

கிறெம்ஸுக்குப் பின் நிலம் மீண்டும் விரிகின்றது. தென்கரைப் பாதையில் செல்வோர் ஸ்வென்டன்டோர்வ் அணுமின் நிலையத்தைக் காண்பர். கட்டி முடித்த நிலையம். ஒரு நாளும் இயங்கவில்லை. 1978 நவம்பர் 5ஆம் நாள் நடந்த பொதுவாக்கெடுப்பில் 50.5 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். எவ்வளவு சிறிய வேறுபாடு! வாக்களித்துப் பயனில்லை என்று வீட்டில் பேசுவோர் இவ்விடத்தில் சற்று நின்று இளைப்பாறலாம்.

புறப்படுமுன் செய்யவேண்டியவை சில. பிறேக்கையும் ரயரையும் முதல்நாளே பாருங்கள். ஒட்டுப்போடும் பெட்டியும் காற்றடிக்கும் பம்மும் கரியர்ப் பையில் இருக்கட்டும். ஒஸ்திரியாவில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தலைக்கவசம் அணிவது 2011 முதல் சட்டம். பெரியோரும் அணிந்தால்தான் பிள்ளைகள் முணுமுணுக்காமல் அணிவர். குழுவில் மெதுவாகச் செல்லும் பிள்ளையை முன்னே விடுங்கள். அப்பிள்ளையின் வேகமே குழுவின் வேகம்.

வியன்னாவை நெருங்குகையில் ஆறு இரண்டாகப் பிரிந்ததுபோலத் தோன்றும். இரண்டாவது கால்வாய் மனிதர் தோண்டியது. புது டான்யூப் என்பது அதன் பெயர். 1972 முதல் 1988 வரை தோண்டி எடுத்த மண்ணை நடுவிலே குவித்தமையால் சுமார் 21 கிலோமீற்றர் நீளமான தீவு உண்டாயிற்று. வழக்கமான நாட்களில் கால்வாயின் மதகுகள் மூடியிருக்கும். மக்கள் அமைதியான நீரில் நீந்துவர், தீவில் பிள்ளைகள் மிதிவண்டி ஓட்டுவர். வெள்ளம் வருமென அறிந்தால் மதகுகளைத் திறந்து, ஆற்றுக்கு அதன் இடத்தைக் கொடுத்துவிடுகின்றனர்.