கழுத்துக் கட்டியா? சீழைப் பரிசோதிக்கச் சொல்லுங்க

மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உழவனின் கூட்டாளிகள். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் பொல்லாத ஆள் ஒன்றும் உண்டு. பெயர் பர்க்கோல்டேரியா சூடோமாலி. அது தரும் நோய் மெலியாய்டோசிஸ். 1911-இல் ரங்கூனில் ஆல்பிரட் விட்மோர், சி.எஸ். கிருஷ்ணசாமி என்ற இரு மருத்துவர்கள் இதைக் கண்டறிந்தார்கள். தமிழ்நாட்டிலும் இந்த நோய் இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

எப்படி வருது?
வயல் சேறும் தேங்கிய தண்ணீரும்தான் இதன் வீடு. கால் வெடிப்பு, சேற்றுப்புண், அரிவாள் கீறல் வழியா உடம்புக்குள் போகும். மழைக்காலத்தில் அதிகம். சர்க்கரை நோய் உள்ளவங்களுக்கு ஆபத்து பல மடங்கு.

என்ன செய்யும்?
பெரும்பாலும் நுரையீரலைத் தாக்கும். சிலருக்குக் கழுத்தில் நெறி கட்டி, வீங்கி, சீழ் பிடிக்கும். தாய்லாந்தில் குழந்தைகளுக்குக் காதுக்குக் கீழே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் இப்படிக் கட்டி வருவது உண்டு.

சிக்கல் எங்கே?
கழுத்தில் நெறி கட்டினா, காசநோயா இருக்குமோ என்றுதான் முதலில் சந்தேகம் வரும். அது நியாயமான சந்தேகம்தான். ஆனா காசநோய் மாத்திரை இந்தக் கிருமியைக் கொல்லாது. பென்சிலின், ஜென்டாமைசின் போன்ற வழக்கமான மருந்துக்கும் பொதுவா அடங்காது. எந்தக் கிருமி என்று தெரியாம மருந்து சாப்பிட்டா, நாள்தான் வீணாகும். நோய் ரத்தத்தில் பரவினா உயிருக்கே ஆபத்து.

என்ன செய்யணும்?
கட்டியை வீட்டில் கீறாதீங்க. பற்றுப் போட்டு நாள் கடத்தாதீங்க. மருத்துவரிடம், "நான் சேற்றில் வேலை செய்யுறவன், சர்க்கரை இருக்கு" என்று சொல்லுங்க. சீழை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க (கல்ச்சர்) கேளுங்க; "மெலியாய்டோசிஸா இருக்குமா?" என்றும் கேளுங்க.

உறுதியானா, குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசி மருந்து. அதன்பின் சுமார் 3 மாதம் மாத்திரை. வங்கியில் கடன் வசூல் பார்த்தவன் சொல்றேன்: பாதியில் நிறுத்திய தவணை வட்டியோடு திரும்பி வரும். இந்த நோயும் அப்படித்தான்.

வராமல் தடுக்க: புண் ஆறும்வரை சேற்றில் இறங்காதீங்க. இறங்கித்தான் ஆகணும்னா ரப்பர் பூட்ஸ், கையுறை போடுங்க. வேலை முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கழுவுங்க. வாய்க்கால் தண்ணியைக் காய்ச்சாமல் குடிக்காதீங்க. சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்க.