அம்மாவின் காதுக்கு ஒரு கதை

கேள்வி: அப்பா போன பிறகு அம்மாவுக்கு ராத்தூக்கம் இல்லை. பார்வையும் மங்கிவிட்டதால் படிக்க முடியவில்லை. ஒலிப்புத்தகம் ஆறுதல் தருமா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: துக்கத்தைத் துடைக்காது, ராத்திரியைக் கடத்த உதவும். அதுவே பெரிது.

முதல் உலகப்போரில் கண்ணிழந்த வீரர்களை நினைத்துத்தான் பிரிட்டனில் 1935-இல் பேசும் புத்தகங்கள் இசைத்தட்டில் வந்தன. உங்கள் ஊரிலேயே, பார்வையற்றவரான மது சிங்கால் 1990-இல் தொடங்கிய மித்ர ஜோதி என்ற அமைப்பு, எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் இருக்கிறது. தன்னார்வலர்கள் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறார்கள். தமிழில் என்னென்ன கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

கல்கியைத் தொடராகப் படித்த தலைமுறையா அம்மா? பாம்பே கண்ணனின் ‘பொன்னியின் செல்வன்’ ஒலிவடிவம் பகல் பொழுதுக்குச் சரி. பல குரல், இசை என்று நாடகம் மாதிரி போகும். படுக்கும்போது வேண்டாம், தூங்க விடாது!

ராத்திரிக்கு நீங்களே வாசித்துப் பதிவு செய்யுங்கள். அம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்த கதையாக இருக்கட்டும். நடுவில் தூங்கிப்போனாலும் நஷ்டமில்லை. செல்போன் போதும்; பத்து நிமிடத்துக்கு ஒரு கோப்பு. இடையில் குக்கர் விசில் அடித்தால், பேத்தி குறுக்கே பேசினால் அழிக்காதீர்கள். ஸ்டூடியோ சுத்தத்தைவிட அந்த வீட்டுச் சத்தம்தான் அவருக்குத் துணை. இயர்போன் திணிக்காமல் தலைமாட்டில் சின்ன ஸ்பீக்கர் வையுங்கள். தானாக நிற்க டைமர் போடுங்கள்.

வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் திரும்பாவிட்டால், கதையோடு நிற்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் உங்கள் ஊரில்தானே இருக்கிறது. பார்வை மங்கலுக்குக் கண் மருத்துவரைப் பார்த்தாயிற்றா? புரை என்றால் சரிசெய்யக்கூடியது.