விரல் நீலமாகுமா என்று கேளுங்கள்

கண்டியில் இதய சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியராக இருந்த காலம் முழுக்க, முதல் நாள் மாலை வார்டுக்குப் போய் நோயாளியோடு பேசும்போது மற்றக் கேள்விகளோடு இதையும் சேர்த்துக் கேட்பேன். விடியற்காலைக் குளிரில் விரலோ காது நுனியோ நீலம் பாரிக்குமா? குளிர்பட்ட நாளில் சிறுநீர் சாயம் கூடின பிளேன்டி மாதிரிப் போனதுண்டா?

நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மைட்ரல் வால்வு மாற்ற வந்த ஓர் அம்மா சொன்னார்: “தை மாசம் கொழுந்து பறிக்கப் போனா விரலெல்லாம் நீலமாப் போயிரும் டொக்டர். அடுப்புகிட்ட காட்டினா சரியாயிரும். எல்லாருக்கும் அப்படித்தானே?”

எல்லோருக்கும் அப்படி இல்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை மாத விடியலில் அங்கே உறைபனி விழும். அந்தக் குளிரோடு பிறந்து வளர்ந்தவர்கள் இதை ஒரு நோய்க்குறியாகவே எண்ணுவதில்லை. கேட்டால் ஒழியச் சொல்லமாட்டார்கள். நீலமாகிற விரலுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இதயத்தைக் குளிரவைத்து நிறுத்தப்போகிற ஒருவரிடம் இந்தப் பதிலைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

இரத்த வங்கியிலும் ஆய்வுகூடத்திலும் ஏற்கெனவே தடயம் கிடந்திருக்கும். இரத்த வகை பார்க்கும்போது செங்குழியம் ஒன்று சொல்லும், சீரம் இன்னொன்று சொல்லும். முழு இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் சரியாக இருக்கும். செங்குழிய எண்ணிக்கை மட்டும் நம்பமுடியாத அளவு குறைந்திருக்கும். செங்குழியத்தின் சராசரி ஹீமோகுளோபின் செறிவான எம்சிஎச்சி, 36ஐத் தாண்டக்கூடாதது, 45, 50 என்று நிற்கும். மெஷின் கோளாறு என்று அந்தத் தாளை ஒதுக்கிவிடாதீர்கள். குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்து மெல்லச் சரித்துப் பாருங்கள். கண்ணாடிச் சுவரில் பொடிப்பொடியாகச் சிவப்பு மணிகள் ஒட்டி இறங்கும். 37 பாகை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் மணிகள் கரைந்து இரத்தம் வழுவழுவென்று ஓடும். மேசையில் வைத்து ஆறவிட்டால் மறுபடி மணி கட்டும். ஒருமுறை கண்ணால் பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

இதற்குக் காரணம் கோல்ட் அக்லுட்டினின் எனும் பிறபொருளெதிரி. கார்ல் லான்ட்ஸ்டைனர் 1903இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். பெரும்பாலும் ஐஜிஎம் வகை. குளிரில் செங்குழியங்களைப் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டவைக்கும், சூட்டில் விட்டுவிடும். விடுவதற்குள் கொம்ப்ளிமென்ட் புரதங்களை ஏற்றிவிட்டால் செங்குழியங்கள் அழியத் தொடங்கும். மைக்கோபிளாஸ்மா நிமோனியாவுக்குப் பிறகு சில வாரம் வந்து போகலாம். வயதானவர்களில் நிணநீர்க் கலங்களின் நோயோடு நிரந்தரமாகத் தங்கலாம்.

சுகதேகியான பலரின் இரத்தத்திலும் 4 பாகையில் மட்டும் வேலை செய்யும் இந்தப் பிறபொருளெதிரி கொஞ்சம் உண்டு. அதைக் கண்டு பயந்து சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட்டால், வால்வு கெட்டவருக்கு அதுவே ஆபத்து. ஆகவே எதிரியின் அளவைக் காட்டும் டைட்டர் எவ்வளவு என்பதோடு நிறுத்தக்கூடாது. எத்தனை பாகை வரை ஒட்டுகிறது என்று இரத்த வங்கியிடம் கேட்க வேண்டும். 4 பாகையில் பெரிய டைட்டர் காட்டி, 22 பாகையில் பேசாமல் கிடப்பதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. டைட்டர் சிறிதானாலும் 30 பாகையில் ஒட்டுவதுதான் என்னைப் பயமுறுத்தும்.

அந்தப் பரிசோதனைக்கு மாதிரி போகிற விதமும் முக்கியம். இரத்தம் எடுத்த குழாயை 37 பாகை வெந்நீர் ஊற்றிய பிளாஸ்கில் வைத்துக் கையோடு கொண்டுபோக வேண்டும். வழியில் ஆறினால் எதிரி செங்குழியத்தோடு ஒட்டிப்போய், பிரித்தெடுக்கும் சீரத்தில் குறைவாகத் தெரியும். “ஒன்றுமில்லை” என்று தாள் வரும். அந்தத் தாளை நம்பித்தான் அடுத்த நாள் நெஞ்சைத் திறப்பார்கள்.

வழக்கமான முறையில், இதய நுரையீரல் வேலையைச் செய்யும் பம்ப்பில் உடலை 28 முதல் 32 பாகை வரை குளிர்விப்பார்கள். இதயத்தை நிறுத்தும் பொட்டாசியம் கலந்த திரவம் 4 பாகையில் போகும். இந்த நோயாளியின் இதயத் தமனிகளில் அந்தக் குளிர்ந்த திரவம் இரத்தத்தைச் சந்தித்தால் நுண்குழாய்கள் அடைபடும், இதயம் சேதப்படும்.

எனவே எல்லாமே சூட்டில் நடக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் ரொறொன்ரோவில் வளர்ந்த சூட்டு இதய சத்திரசிகிச்சை முறை இங்கே கைகொடுக்கும். உடல் 36, 37 பாகையில். இதயத்துக்குப் போகிற இரத்தமும் அதே சூட்டில். சூட்டில் நிறுத்திய இதயத்தின் ஒட்சிசன் தேவை, குளிரவைத்து நிறுத்திய இதயத்தில் குறையும் அளவுக்குக் குறையாது. அதனால் சத்திரசிகிச்சை நிபுணர் நீண்ட இடைவெளி விட முடியாது. பதினைந்து இருபது நிமிடத்துக்குள் மறுபடி கொடுத்தாக வேண்டும். இது வால்வு தைப்பவரின் பொறுமையைச் சோதிக்கும். முதல் நாளே உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். பைபாஸ் மட்டும் என்றால் பம்ப் இல்லாமலே செய்ய முடியுமா என்றும் யோசிக்கலாம். எதிரி மிக வலுவானதாக இருந்தால் முன்னதாகப் பிளாஸ்மா மாற்றலாம். ஐஜிஎம் பெரும்பாலும் இரத்தக் குழாய்களுக்குள்ளேயே இருப்பதால் நன்றாக இறங்கும். ஆனால் சில நாட்களில் திரும்பி ஏறும். பிளாஸ்மா மாற்றும் மெஷினின் குழாய்களும் சூடாக இருக்க வேண்டும்.

பெரிய விஷயங்களை யாரும் மறப்பதில்லை. சின்னச் சின்னக் குளிர்தான் உள்ளே புகும்: இரத்த வங்கிக் குளிரூட்டியில் 2 முதல் 6 பாகையில் இருந்த இரத்தப் பை, நெஞ்சைக் கழுவும் சேலைன், பம்ப்பை முதலில் நிரப்பும் திரவம், தியேட்டரின் ஏசி. பழக்கத்தில் யாராவது இதயத்தின் மேல் ஐஸ் சேலைன் ஊற்றவும் கூடும். தியேட்டர் கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். தாதியர், பம்ப்பை இயக்கும் பெர்பியூஷனிஸ்ட், தள்ளுவண்டி தள்ளும் ஊழியர் வரை எல்லோருக்கும் வாயாலும் சொல்லுங்கள். ஐசியூவுக்குப் போகும் நீண்ட நடைபாதைக்கும் சூடான போர்வை வேண்டும். பிறகு பையில் சேரும் சிறுநீரின் நிறத்தை மணிக்கு மணி பாருங்கள்.

முன்பே தெரியாமல் பம்ப்பில் இருக்கும்போதே இதயத்துக்குப் போகும் குழாயில் அழுத்தம் ஏறி, இரத்தத்தில் மணிகள் தெரிந்தால், உடனே குளிர்விப்பதை நிறுத்திச் சூடேற்றுங்கள். இதயத் தமனிகளைச் சூடான சேலைன் போன்ற திரவத்தால் கழுவிவிட்டுச் சூட்டிலேயே தொடருங்கள். 2017இல் நாட்டின் முதல் இதய மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்த ஊர் கண்டி. இதையெல்லாம் செய்யத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் நாளே தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வாசிப்பவர்களுக்கு ஒன்று. உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ குளிரில் விரல் நீலமாகுமென்றால், இரத்த வகை பார்ப்பதில் எப்போதாவது சிக்கல் வந்ததென்றால், அதைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள். எந்தச் சத்திரசிகிச்சைக்குப் போனாலும் அந்தக் கொப்பியைக் கொண்டுபோங்கள். மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.