தாழியில் கிடைத்த முகம்

மதுரை மாநகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், வையையாற்றுக்கு அணித்தாகக் கீழடி என்னும் ஊர் உள்ளது. ஆங்குத் தென்னந்தோப்புகளுக்கிடையே 2014-15 ஆம் ஆண்டில் தொடங்கிய அகழாய்வில் செங்கற் கட்டடங்களும் உறைகிணறுகளும் வெளிப்பட்டன. பானையோடுகள் சிலவற்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஆட்பெயர்கள் கீறப்பட்டிருந்தன. ஆதன் என்பது அவற்றுள் ஒன்று. 'இக்கலம் இன்னாருடையது' என்று உரிமை கூறிய பெயர் எஞ்சியது. அப்பெயருக்குரியவனின் முகம் எஞ்சவில்லை.

கீழடியில் வாழ்ந்தோரின் இடுகாடு, ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவிலுள்ள கொந்தகை என்பர் ஆய்வாளர். இறந்தோரைப் பெரிய மட்கலங்களில் இட்டுப் புதைத்தல் பண்டை வழக்கம். கணவனை இழந்த ஒருத்தி, தன்னையும் உடன் அடக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி குயவனை வேண்டுவதைப் புறநானூற்றின் 256 ஆம் பாட்டிற் காணலாம். அத்தகைய தாழிகள் கொந்தகையில் பல கிடைத்தன. அங்குக் கிடைத்த மண்டையோடுகளுள் இரண்டு ஆடவருடையவை. ஏறத்தாழ 2500 ஆண்டுகட்கு முற்பட்டவை என்று கணிக்கப்படுபவை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்திலுள்ள லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் முக ஆய்வுக்கூடத்தாரும் அவற்றிற்கு முகம் அமைத்து, 2025 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

அஃது எவ்வாறு இயன்றது? மண்டையோட்டை முப்பரிமாணப் படமாக்கிக் கணிப்பொறியில் ஏற்றினர். தசை பற்றியிருந்த இடங்களை எலும்பின் மேற்பரப்பே காட்டும். கண்குழியின் அமைப்பும் மூக்கெலும்பின் அகலமும் அளவு கூறும். அவ்வளவுகளுக்கேற்பத் தசையும், அதன்மேல் தோலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படத்தில் அமைக்கப்பட்டன.

இதுகாறும் அளவு வழி காட்டியது. மேனி நிறம் யாது? கண் கருமையோ, கபிலமோ? மயிர் சுருண்டதோ, நீண்டதோ? மண்டையோடு வாய் திறவாது. தொல்காப்பியர் கூறிய நகை, அழுகை முதலிய எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றேனும் எலும்பில் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆங்கே கலைஞர் பணி தொடங்குகிறது. இன்றைய தமிழ்நாட்டு மக்களின் நிறத்தையே அவர்கள் தேர்ந்தனர். அது தகுந்த தேர்வே. எனினும், தேர்வு என்பதை மறத்தலாகாது. அம்முகங்களைக் காணும் மதுரையார், தம் தெருவில் நாள்தோறும் எதிர்ப்படும் ஒருவரைக் கண்டாற்போல வியப்பர். அவ்வியப்பிற் பாதி வண்ணத்தால் விளைந்தது. நாமே பூசிய வண்ணத்தைச் சான்றாக்கி, 'இவர் நம்மவர்' என்று வாதிடுதல் எங்ஙனம் பொருந்தும்? 'இவர் அயலவர்' என்று அதுகொண்டே மறுத்தலும் பொருந்தாது. படம் வெளிவந்தபோது இருதிறத்தாரும் இதனைச் சற்றே மறந்து வழக்காடினர்.

கொந்தகை எலும்புகளிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து ஆராயும் முயற்சியையும் மதுரைப் பல்கலைக்கழகத்தார் மேற்கொண்டனர். வெப்பமிக்க மண்ணில் நெடுங்காலம் கிடந்த எலும்பில் அது சிதைந்து போதலின், அப்பணி எளிதன்று. அது கைகூடி வேறு நிறம் கூறுமாயின், கலைஞர் தம் வண்ணத்தை மாற்றியமைத்தல் வேண்டும்.