கொடையுள்ளமும் தெளிவும்

மக்கள் இயல்பு பலதிறப்பட்டது. தம் உள்ளத்தையே நோக்கி வாழ்வார் ஒரு சாரார். பிறரை நோக்கி வாழ்வார் மற்றொரு சாரார். சுவிற்சர்லாந்து நாட்டு உளநூலறிஞர் கார்ல் யுங், 1921 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இவ்விரு சாராரையும் வகுத்துக் காட்டினார். புறநோக்கும் உணர்வு முதன்மையும் ஒருங்கமைந்தோரை அதில் ஒரு தனி வகையாக வைத்தார். பிறர் நலமே தம் நலமெனக் கொள்ளும் கொடையுள்ளத்தினரை இவ்வகையுள் அடக்கலாம். அன்னாரின் இயல்பையும் வலிமையையும் குறையையும் இம்மலரில் நோக்குவாம். ஊவாத் தோட்டங்களிலிருந்து எம்மிடம் கற்க வருவோருள் இத்தகையோர் பலராதலின், இது எமக்கு வெறும் ஏட்டுப் பொருளன்று.

கொடையுள்ளத்தினரை எளிதில் இனங்காணலாம். லயத்தில் ஒரு வீட்டில் துன்பம் நேரின், அழைக்குமுன் வந்து நிற்பவர் அவர். எழுத்தறியாதார்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர். பசறையிலிருந்தும் நமுனுகுலையிலிருந்தும் நோயாளியைப் பதுளை ஆசுபத்திரிக்கு அழைத்து வருபவர். அம்மன் திருவிழாவில் முன்னின்று உழைத்து, எல்லாரும் உண்டபின் உண்பவர். மனிதரைக் கூட்டமாகக் காணாது ஒவ்வொருவராகக் காணுதல், கூற அஞ்சுவார்க்காகத் தாம் கூறுதல், பிறரையும் நற்பணியிற் சேர்த்தல் ஆகிய மூன்றும் இவர்தம் வலிமைகளாம்.

எம் முன்னோரின் தோட்ட வாழ்வோடு தொடர்புடைய பெரியார் ஒருவரிடம் இவை சிறந்து விளங்கின. அவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் (1853–1924). செல்வக் குடியிற் பிறந்து, கேம்பிரிட்ஜிற் கற்று, 1875 இல் சிவில் சேவையிற் புகுந்த அவர்க்குத் தொழிலாளர் துயரைத் தமதாக்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இருந்ததில்லை. அந்நாளில், 1865 ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளி சிறை செல்ல நேரும். 'துண்டு' முறையும் அவனைக் கட்டி வைத்தது. கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. கங்காணி அதனை வேறொரு தோட்டத்துக்குக் கொண்டு செல்வான். அத்தோட்டத்துத் துரை பணம் கொடுப்பார். கடன் மட்டும் தொழிலாளர் தலைமேல் வளர்ந்துகொண்டே போகும்.

அருணாசலம் 1915 இல் சமூக சேவைச் சங்கத்தையும், 1919 இல் பெரி. சுந்தரத்தின் துணையோடு தொழிலாளர் நலச் சங்கத்தையும் தோற்றுவித்து, இக்கொடுமைகளை எதிர்த்தார். துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிந்தது. அவரோடு உழைத்த பெரி. சுந்தரம், 1931 இல் தொழில் அமைச்சரானார்.

இவ்வியல்பின் முதற் குறையையும் அவர் வரலாற்றிலேயே காணலாம். மேல் மாகாணத்தில் தமிழர்க்கு ஓர் ஆசனம் கிடைக்க ஆதரவளிப்பதாக ஜேம்ஸ் பீரிசும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் 1918 இல் எழுத்தில் உறுதி கூறினர். அதனை நம்பித் தமிழ்த் தலைவர்களை இணங்கச் செய்த அருணாசலம், 1919 இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். உறுதி காக்கப்படவில்லை, 1921 இல் அவர் காங்கிரசை விட்டு விலகினார். தம் நெஞ்சுபோலவே பிறர் நெஞ்சும் இருக்குமென எண்ணுதல் கொடையுள்ளத்தினர்க்கு இயல்பு. ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், தெரிந்துதெளிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தமை ஈண்டு சிந்திக்கத்தக்கது.

இரண்டாவது குறை, இரக்கம் விரைவிற் பெருகி விரைவில் வடிதல். 2014 அக்டோபர் 29 ஆம் நாள், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களைப் புதைத்தபோது, பல திசையிலிருந்தும் உணவும் உடையும் வந்தன. தப்பியோர்க்குப் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 இலேயே. இடைப்பட்ட நாட்களில் 'இன்று உமக்கு வேண்டுவது யாது?' என்று கேட்டறிந்து உடனிருத்தல், முதல் நாளிற் பொதி கொண்டு சென்றதினும் அரிய உதவியாகும்.

மூன்றாவது குறை தம்மையே மறத்தல். இதுவே ஆசிரியராகிய எம்மைப் பெரிதும் வருத்துவது. தம்பி தங்கையர் கற்கட்டும் என்று, தான் இடைநடுவிற் படிப்பை விட்டுக் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகும் மாணவனை யாம் அறிவோம். அவன் மறுக்க அறியான். உதவி கேட்க நாணுவான். அவனது தியாகத்தைப் புகழ்ந்துவிட்டு நாம் வாளாவிருத்தல் அறமாகாது. ஒப்புரவாளன் செல்வத்துக்கு வள்ளுவர் உவமையாக்கியது நிறைந்த குளத்தை. வற்றிய குளம் ஊருக்குப் பயன்படாது.

மாணவச் செல்வங்காள்! கொடுக்கும் மனத்தைக் கைவிடாதீர். ஆயினும் நம்புமுன் ஆராய்வீர். தளர்ந்தபோது பிறர் உதவியை ஏற்க நாணாதீர். ஆசிரியப் பெருமக்களே, வரவேட்டில் ஒரு பெயர் சில நாட்கள் தொடர்ந்து விடுபடின், அவ்வீட்டை நாடிச் செல்வோம். பழைய மாணவரே, விழாவுக்கெனத் திரட்டும் நிதியில் ஒரு பங்கு அத்தகைய மாணவன் சாதாரண தரப் பரீட்சை எழுதும்வரையேனும் அவன் குடும்பத்தைத் தாங்குவதாகுக. இன்று அவன் கற்று நிறைந்தால், நாளை பலரைத் தாங்குவான்.

வாழ்க எம் கல்லூரி!